முத்தையா முரளிதரன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளி ஆடி முடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்துவிட்டேன். சாதாரணக் கேள்விகள் முதலில், வாய்ச்சண்டையில் முடிகிறவை பின்னால்.

மொத்தம் எத்தனை விக்கெட்? 800-ன்னும் சொல்றாங்க, 1300-க்கு மேலன்னும் சொல்றாங்க.

இரண்டும் சரி. டெஸ்டில் மட்டும் 133 ஆட்டங்களில் 800. ஒருநாள் போட்டிகளில் 350 ஆட்டங்களில் 534. சர்வதேச டி20-யில் 12 ஆட்டங்களில் 13. கூட்டினால் 1347. டெஸ்ட், ஒருநாள் இரண்டிலுமே முதலிடம் அவருக்குத்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த 800-ல் 5 விக்கெட் இலங்கைக்காக எடுத்தவை அல்ல. 2005 அக்டோபரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலக அணி ஆடிய டெஸ்டில் எடுத்தவை. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி அந்த ஆட்டத்தை அதிகாரபூர்வ டெஸ்டாக ஏற்றதால் கணக்கில் சேர்ந்துவிட்டன. இது நியாயமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் எதிரணியில் ஆடிய சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னே அதே ஆட்டத்தில் எடுத்த விக்கெட்டுகளும்தான் அவருடைய கணக்கில் இருக்கின்றன.

அவர் நம்ம ஊர்க்காரர்தானே? நாமக்கல்னு கேள்விப்பட்டேன்.

அவர் இலங்கைக்காரர், மலையகத் தமிழர். 1972 ஏப்ரல் 17 அன்று கண்டியில் பிறந்தார். அவருடைய தாத்தாதான் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். நாமக்கல் தொடர்பு அந்தத் தலைமுறையோடு நிற்கிறது. அப்பா கண்டிப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 இனக்கலவரத்தில் அந்தக் குடும்பமும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. 2005-ல் சென்னைப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அந்த வகையில் வேண்டுமானால் நம்ம ஊர் மாப்பிள்ளை எனலாம்.

ஆரம்பத்துல வேகப்பந்து வீசினாராமே, உண்மையா?

உண்மை. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தபோது மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் ஆரம்பித்தார். பதினான்கு வயதில் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொன்னதன்பேரில் ஆஃப் ஸ்பின்னுக்கு (வலது கை பேட்ஸ்மேனை நோக்கி உள்ளே திரும்பும் சுழல்) மாறினார். பிறகு கொழும்பு தமிழ் யூனியன் கிளப். 1992 ஆகஸ்ட் 28 அன்று கொழும்பு கெத்தாராமையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் விக்கெட் கிரெய்க் மெக்டர்மட்.

அப்போது இலங்கை டெஸ்ட் ஆடத் தொடங்கிப் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அதுவரை ஜெயித்தது இரண்டே டெஸ்ட். முரளியின் எண்களைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த அணிக்குள் அவர் நுழையவில்லை. அவர் ஆடிய காலத்தில் இலங்கை வென்ற 54 டெஸ்டுகளில் மட்டும் அவர் எடுத்தது 438 விக்கெட்.

ஆஃப் ஸ்பின்னர்னா விரலாலதானே திருப்புவாங்க? இவர் பந்து மட்டும் எப்படி அவ்வளவு திரும்பிச்சு?

மற்ற ஆஃப் ஸ்பின்னர்கள் ஆள்காட்டி விரலை நம்பி வீசுகிறார்கள். முரளி மணிக்கட்டை நம்பினார். வழக்கமாக எதிர்ப்பக்கம் திருப்புகிற லெக் ஸ்பின்னர்கள்தான் மணிக்கட்டைச் சுழற்றுவார்கள். அந்தச் சுழற்சியை ஆஃப் ஸ்பின்னுக்குக் கொண்டுவந்தவர் இவர். மணிக்கட்டு அபாரமாக வளையும், தோளும் மற்றவர்களைவிட அதிகம் சுழலும். அதனால் ஒன்றும் உதவாத ஆடுகளத்தில்கூட அவர் பந்து திரும்பியது.

ஆனால் திருப்பம் மட்டும் 800 விக்கெட் தராது. நாள் முழுக்க ஒரே இடத்தில் பந்தைப் போடுகிற பொறுமையும் அவரிடம் இருந்தது. டெஸ்டில் அவர் வீசியது 44,039 பந்து, அதாவது 7,339 ஓவருக்கு மேல். உலகத்தில் வேறு எவரும் அவ்வளவு வீசியதில்லை. அவருடைய திறமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த உழைப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் ஆச்சரியம்.

தூஸ்ராவைக் கண்டுபிடிச்சது இவர்தானா?

இல்லை. அதைப் பிரபலமாக்கியவர் பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக். ஆஃப் ஸ்பின் போலவே கையிலிருந்து வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து அது. முரளி தன் பாதி ஆட்ட வாழ்க்கைக்குப் பிறகுதான் அதைத் தீவிரமாகக் கையில் எடுத்தார். அதற்கு முன்பே அவர் உலகத் தரம்தான். 'தூஸ்ரா இல்லாவிட்டால் முரளி இல்லை' என்பவர்கள் அவர் 1998-ல் ஓவலில் செய்ததைப் பார்க்க வேண்டும்.

ஓவல்ல அப்படி என்ன நடந்துச்சு? டாஸ் ஜெயிச்சும் ரணதுங்கா ஏன் பவுலிங் எடுத்தார்?

1998 ஆகஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட். பேட்டிங்குக்கு ஏற்ற ஆடுகளம். இலங்கை கேப்டன் ரணதுங்கா டாஸ் ஜெயித்து இங்கிலாந்தை பேட் செய்யச் சொன்னார். எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். அவர் கணக்கு எளிமையானது: முதலில் வீசிவிட்டால் இலங்கை பேட் செய்யும் நேரம் முழுக்க முரளிக்கு ஓய்வு. பிறகு தேய்ந்த ஆடுகளத்தில் புத்துணர்ச்சியோடு வந்து வீசலாம். முதலில் பேட் செய்து இங்கிலாந்துக்கு ஃபாலோ-ஆன் (உடனே மறுபடி பேட் செய்ய வைப்பது) கொடுக்க நேர்ந்தால், முரளி ஓய்வே இல்லாமல் தொடர்ந்து வீச வேண்டியிருக்கும்.

இங்கிலாந்து 445. இலங்கை 591, ஜெயசூர்யா மட்டும் 213. முரளி முதல் இன்னிங்ஸில் 155 ரன்னுக்கு 7, இரண்டாவதில் 65 ரன்னுக்கு 9. அதில் மிச்சமிருந்த ஒரு விக்கெட் ரன் அவுட். ஆக 220-க்கு 16 விக்கெட், ஒரே டெஸ்டில் கிட்டத்தட்ட 114 ஓவர். இலங்கை 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது, இங்கிலாந்து மண்ணில் அவர்களின் முதல் டெஸ்ட் வெற்றி அது. ஒரு கேப்டன் தன் ஒரே ஒரு பந்துவீச்சாளரைச் சுற்றி முழு ஆட்டத்தையும் திட்டமிட்ட கதை வேறெங்கும் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது.

சரி, நேரா கேக்குறேன். அவர் எறிஞ்சார்தானே? பார்த்தாலே தெரியுதே.

பார்த்தால் தெரிகிற மாதிரி இருப்பதுதான் பிரச்சினையே. கிரிக்கெட் விதி 'கை மடங்கியிருக்கக் கூடாது' என்று சொல்லவில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை நிமிரக் கூடாது என்றுதான் சொல்கிறது. நிமிர்ந்தால்தான் அது எறிதல். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவில் மடங்கியே இருக்கும் கை விதிப்படி சரியானது.

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. 30 டிகிரிக்கும் மேல் மடங்கியே இருக்கும். அந்த மடங்கிய கை, வேகமாகச் சுழலும் தோள், வளைகிற மணிக்கட்டு மூன்றும் சேரும்போது முன்னாலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் கை வெட்டுவது போலத் தோன்றும். 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்துவிட்டு, எறிவது போன்ற மாயத்தோற்றம் என்றுதான் சொன்னார்கள். அவர் முழங்கை துளியும் நிமிரவில்லை என்பது இதற்குப் பொருள் அல்ல. சில டிகிரி நிமிர்ந்தது. மற்றவர்களுக்கும் நிமிர்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

அப்போ மெல்போர்ன்ல நடுவர் ஏன் நோ-பால் கொடுத்தார்?

1995 டிசம்பர் 26, மெல்போர்ன் டெஸ்டின் முதல் நாள். நடுவர் டாரல் ஹேர் பந்துவீச்சு முனையில் நின்றபடி முரளி எறிகிறார் என்று மூன்று ஓவருக்குள் ஏழு முறை நோ-பால் (செல்லாத பந்து) சொன்னார். ரணதுங்கா முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்றவர் நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன். அவர் ஒருமுறைகூட நோ-பால் சொல்லவில்லை. அதே நாள், அதே ஆள், அதே கை! பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் நடுவர் ராஸ் எமர்சன் நோ-பால் சொன்னார். முரளி லெக் பிரேக் வீசிப் பார்த்தார், அதற்கும் நோ-பால். லெக் பிரேக்கை எறிந்து வீசுவது எவ்வளவு கடினம் என்று வீசிப் பார்த்த எவருக்கும் தெரியும்.

ஹேருக்கு உள்நோக்கம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய விதி, நடுவர் கண்ணுக்குப் பட்டதைச் சொல்ல அனுமதித்தது. கண் அளவுகோல் அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது சந்தேகம் வந்தால் அறிக்கை, பிறகு ஆய்வுக்கூடம் என்பதுதான் முறை.

ரணதுங்கா டீமையே கூட்டிக்கிட்டு எல்லைக்கோடு வரை போனது இதே மேட்சா?

இல்லை, பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது 1999 ஜனவரி 23, அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். அன்று எமர்சன் ஸ்கொயர் லெக்கில் நின்று நோ-பால் சொன்னார். ரணதுங்கா விரல் நீட்டி வாக்குவாதம் செய்தார், அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. 303 ரன் இலக்கை இலங்கை ஒரு விக்கெட் மிச்சம் வைத்து எட்டியது. ரணதுங்காவுக்கு அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட தடையும் கிடைத்தன.

இவருக்காகத்தான் 15 டிகிரின்னு விதியையே மாத்தினாங்களாமே?

இதுதான் அதிகம் வரும் குற்றச்சாட்டு, பாதி உண்மையும்கூட. 2004-ல் ஆஸ்திரேலியத் தொடரின்போது மேட்ச் ரெஃப்ரி கிறிஸ் பிராட் தூஸ்ராவைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அளந்தபோது அந்தப் பந்தில் முழங்கை 14 டிகிரி அளவுக்கு நிமிர்ந்தது. திருத்தம் செய்த பிறகு 10 டிகிரி அளவுக்கு வந்தது. அன்றைய வரம்பு சுழற்பந்துக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10. ஆக தூஸ்ரா அன்றைய வரம்பைத் தாண்டியதுதான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. அந்தப் பந்தை வீச வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும் செய்தார்கள்.

பிறகு ஐசிசி மற்ற பந்துவீச்சாளர்களையும் அதிவேகக் கேமராவில் பார்த்தது. அங்கேதான் கதை திரும்பியது. யாரும் சந்தேகிக்காத, அழகான ஆக்ஷன் என்று புகழப்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள்கூட 10 டிகிரிக்கு மேல் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். பழைய விதியை அப்படியே அமல்படுத்தினால் உலகத்தின் பெரும்பாலான பந்துவீச்சாளர்களை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். மனிதக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் அளவு ஏறக்குறைய 15 டிகிரி என்பதால் 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் அதையே வரம்பாக வைத்தார்கள். அதைக் கிளறிவிட்டது முரளியின் வழக்கு. ஆனால் மாற்றத்தால் அதிகம் தப்பித்தவர்கள் வேகப்பந்துக்காரர்கள்.

கையில இரும்புக் கட்டு போட்டு வீசிக் காட்டினாராமே?

ஆமாம், 2004-ல் இங்கிலாந்துத் தொலைக்காட்சிக் கேமரா முன்னால். முழங்கை அசைய முடியாதபடி கட்டுப் போட்டு ஆஃப் பிரேக், டாப் ஸ்பின், தூஸ்ரா மூன்றையும் வீசினார். அது அறிவியல் சோதனை அல்ல. கட்டோடும் பார்ப்பதற்கு எறிவது போலவே இருந்தது என்பதுதான் அதில் முக்கியம். மாயத்தோற்றம் என்று முன்பு சொன்னதற்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

ஜிம்பாப்வே, வங்கதேச விக்கெட்டைக் கழிச்சுட்டா என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்விக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன், முழங்கைச் சண்டையைவிட இது நேர்மையான விவாதம். வங்கதேசத்துக்கு எதிராக 89, ஜிம்பாப்வேக்கு எதிராக 87, மொத்தம் 176. கழித்தால் 108 டெஸ்டில் 624. வார்னே இந்த இரு அணிகளிடம் எடுத்தது வெறும் 17. அவருக்குக் கழித்தால் 691 மிஞ்சும்.

ஆனால் ஒரு டெஸ்டுக்கு எத்தனை என்று பாருங்கள். கழித்த பிறகும் முரளிக்கு 5.7-க்கு மேல் வருகிறது. வார்னேயின் மொத்தக் கணக்கே 145 டெஸ்டில் 708, ஆட்டத்துக்கு 5-க்கும் சற்றுக் குறைவு. எளிய அணிகள் முரளியின் எண்ணைப் பெருக்கியிருக்கின்றன, ஆனால் அவரை உருவாக்கவில்லை.

சொந்த ஊர்ல மட்டும்தானே புலி?

800-ல் 493 இலங்கையில், 73 டெஸ்டில் எடுத்தவை. அது பெரிய பங்குதான். வெளியே போனால் இரண்டு இடங்களில் அவர் தடுமாறினார். இந்தியாவில் 11 டெஸ்டில் 40 விக்கெட், சராசரி 45 (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைவாக இருந்தால்தான் நல்லது). ஆஸ்திரேலியாவில் 5 டெஸ்டில் 12, சராசரி 75. அந்தப் பன்னிரண்டிலும் ஐந்து முன்பு சொன்ன உலக அணி டெஸ்டில் வந்தவை. ஆஸ்திரேலியா பற்றிப் பேசும்போது, அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரதமர் ஜான் ஹோவர்டே அவரை எறிபவர் என்று சொன்னார். 2004 சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவேயில்லை.

மறுபக்கம் இங்கிலாந்து. ஸ்பின்னருக்குச் சாதகமான நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே 6 டெஸ்டில் 48 விக்கெட், ஆட்டத்துக்கு எட்டு. 2006-ல் டிரெண்ட் பிரிட்ஜில் 70 ரன்னுக்கு 8. எனவே 'சொந்த ஊர்ப் புலி' என்பது பொருந்தாது. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அடங்கிய புலி என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

வார்னேயா, முரளியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தை என்றால் முரளி. சராசரி 22.72-க்கு எதிராக 25.41. ஐந்து விக்கெட் 67 முறை, வார்னே 37 முறை. வார்னேயின் பக்கம் சொல்ல வேண்டியது: அவர் வேகப்பந்து வீச்சாளர் மெக்ராவோடு விக்கெட்டைப் பங்கிட வேண்டியிருந்தது, பெரும்பாலும் வேகத்துக்கு உதவும் களங்களில் வீசினார், லெக் ஸ்பின் கடினமான கலை. முரளியின் பக்கம்: மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர் வாஸ் தவிர பெரிய துணை இல்லை. துணை இல்லாததால் விக்கெட் கூடியது என்பது ஒரு வாதம். துணை இல்லாததால் எதிரணி அவரை மட்டும் தடுத்து ஆட முடிந்தது என்பது எதிர்வாதம். இரண்டும் உண்மை. நான் முன்பே சொன்ன 7,339 ஓவர்தான் என்னை ஒரு பக்கம் சாய்க்கிறது.

800-வது விக்கெட்டை மத்தவங்க விட்டுக்கொடுத்தாங்களா?

2010 ஜூலையில் காலே டெஸ்டோடு ஓய்வு என்று அவர் முன்கூட்டியே அறிவித்தபோது கணக்கில் இருந்தது 792. இந்தியாவை எதிர்த்து ஒரே டெஸ்டில் 8 வேண்டும். முதல் இன்னிங்ஸில் 5 கிடைத்தது. இரண்டாவது இன்னிங்ஸில் சக இலங்கை வீரர் மலிங்கா 5 விக்கெட்டைத் தட்டிச் சென்றார். விட்டுக்கொடுக்கும் திட்டம் இருந்திருந்தால் அவர் எதற்கு அப்படி யார்க்கர் போடப் போகிறார்?

கடைசி ஜோடி இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் வெகுநேரம் நின்றார்கள். ரன் அவுட் ஆகியிருந்தால் 799-தான். கடைசியில் ஜூலை 22 அன்று ஓஜா ஸ்லிப்பில் ஜெயவர்தனேயிடம் பிடி கொடுத்தார். முரளி டெஸ்டில் வீசிய கடைசிப் பந்து அது. முரளி வீச ஜெயவர்தனே பிடித்தது அதோடு 77 முறை. கீப்பரல்லாத ஒருவரும் ஒரு பந்துவீச்சாளரும் இத்தனை முறை சேர்ந்தது அதற்கு முன் இல்லை.

நியூசிலாந்துல கைகுலுக்கப் போனவரை ரன் அவுட் பண்ணது சரியா?

2006 டிசம்பர், கிறைஸ்ட்சர்ச். சங்கக்காரா சதமடித்தார். மறுமுனையில் இருந்த முரளி தன் ரன்னை முடித்துவிட்டு வாழ்த்தக் கிளம்பினார். பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது. நியூசிலாந்து விக்கெட் கீப்பர் மெக்கல்லம் ஸ்டம்பைத் தட்டினார், இலங்கையின் இன்னிங்ஸ் முடிந்தது. விதிப்படி சரி. ஆனால் பத்தாண்டு கழித்து 2016-ல் லண்டனில் ஓர் உரையில் மெக்கல்லமே அதற்கு வருத்தம் தெரிவித்தார், சங்கக்காரா அரங்கில் இருந்தார். செய்தவரே வருந்திய பிறகு நாம் எதற்கு அதை நியாயப்படுத்த வேண்டும்?

2010-ல ரிட்டயர்னா 2011 உலகக் கோப்பையில எப்படி ஆடினார்?

2010-ல் விட்டது டெஸ்டை மட்டும். கடைசி சர்வதேச ஆட்டம் 2011 ஏப்ரல் 2, வான்கடே இறுதிப் போட்டி. அதில் விக்கெட் இல்லை. அதற்கு முந்தைய அரையிறுதியில், கொழும்பில் சொந்த ரசிகர்கள் முன் வீசிய கடைசிப் பந்தில் நியூசிலாந்தின் ஸ்டைரிஸை எல்பிடபிள்யூ ஆக்கினார். அப்புறம் ஐபிஎல் 2014 வரை தொடர்ந்தது. சென்னைக்கு 2008 முதல் 2010 வரை, கொச்சிக்கு ஓராண்டு, பெங்களூருக்கு மூன்றாண்டு. 2015 முதல் ஹைதராபாத் அணியின் பயிற்சிக் குழுவில் இருக்கிறார்.

தமிழரா இருந்தும் தமிழ்நாட்டுல ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

கிரிக்கெட்டுக்கு வெளியே உள்ளது, ஆனால் தவறாமல் கேட்கப்படுகிறது. 2019 அதிபர் தேர்தலில் கோத்தபய ராஜபக்சவை ஆதரித்தார். போர் முடிந்த 2009 பற்றி அவர் பேசியது பலரைக் காயப்படுத்தியது. 2020-ல் அவர் வாழ்க்கையைப் படமாக்கும் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு வந்தது. நடிக்கவிருந்தவரை விலகிக்கொள்ளும்படி முரளியே கேட்டுக்கொண்டார். இரு தரப்பு உயிரிழப்பும் நின்றதைத்தான் சொன்னேன் என்று விளக்கமும் கொடுத்தார். அந்த விளக்கத்தை ஏற்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. அவர் பந்துவீச்சைப் பாராட்ட அவர் அரசியலை ஏற்க வேண்டியதில்லை. அரசியலை வெறுப்பதற்காக விக்கெட்டைக் குறைக்கவும் முடியாது.

800-ஐ யாராவது உடைப்பாங்களா?

எனக்குத் தெரிந்து மாட்டார்கள். இங்கிலாந்தின் ஆண்டர்சன் 188 டெஸ்ட் ஆடி 704-ல் நின்றார். இந்தியாவின் அஸ்வின் 106 டெஸ்டில் 537-ல் விடைபெற்றார். அதிவேகமாக 350 விக்கெட் எடுத்ததில் முரளிக்குச் சமமாக 66 டெஸ்டில் எட்டியவர் அஸ்வின். ஆனால் 500-க்கு வரும்போது முரளி 87, அஸ்வின் 98 என்று இடைவெளி விழுந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் லயன் 550-ஐத் தாண்டியிருக்கிறார், ஆனால் வயது அவர் பக்கம் இல்லை.

புதிதாக ஒருவர் வந்து ஆட்டத்துக்கு ஐந்து விக்கெட் வீதம் எடுத்தாலும் 160 டெஸ்ட் ஆட வேண்டும். அவ்வளவு டெஸ்ட் ஆட வாய்ப்புள்ள நாடுகள் இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றுதான். அங்கெல்லாம் ஒருவர் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க வீசு என்று விட மாட்டார்கள், நான்கு நல்ல பந்துவீச்சாளர்கள் இருப்பார்கள். ஒரே ஆளை நம்பி வாழும் சிறிய அணிகளுக்கோ தொடருக்கு இரண்டு டெஸ்டுக்கு மேல் கிடைப்பதே அபூர்வம். இலங்கைக்கே இப்போது அந்த நிலைமைதான்.